முதல் குழந்தை எங்கிருந்து வரும்? வீட்டிலேயே டே கேர் தொடங்கும் பெண்களுக்கு ஒரு தென்சென்னை கைடு

ஒரே தெரு. மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் ஐந்து வாரம்தான். அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். ஏஜென்சி மூலம் ஆள் வைக்கலாம் என்றால், முன்பின் தெரியாத ஒருவரிடம் நாள் முழுக்கக் குழந்தையைத் தனியாக விட மனசு வரவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு அக்கா. நர்சரி ஸ்கூலில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். பையன் காலேஜுக்குப் போய்விட்டான். 'வீட்டிலேயே நாலு குழந்தைகளைப் பார்த்துக்கலாமே' என்று ஹாலைக் காலி செய்து, பாய் விரித்து, பொம்மைகள் வாங்கிவைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு குழந்தைகூட வரவில்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இப்படி ஒரு தெரு இருந்தால் ஆச்சர்யமில்லை. தேவைப்படுபவரும் இருக்கிறார், தரத் தயாராக இருப்பவரும் இருக்கிறார். நடுவில் தகவல் மட்டும் போகவில்லை. பெரிய டே கேர் நிறுவனங்களுக்கு போர்டு, வெப்சைட், மார்க்கெட்டிங் ஆட்கள் எல்லாம் உண்டு. ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு என்ன உண்டு?

அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

காலண்டரைப் பாருங்கள்

விளம்பரம் என்றதும் நோட்டீஸ் அடிப்பதைத்தான் நினைக்கிறோம். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, ஓர் அம்மா எப்போது தேட ஆரம்பிக்கிறார் என்பது.

2017-ல் மகப்பேறு பலன் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால், தனியார் வேலையில் இருக்கும் அம்மா திரும்பி ஆபீஸ் போகும்போது குழந்தைக்கு நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை ஆகியிருக்கும். தமிழக அரசு ஊழியர் என்றால் கணக்கே வேறு. 2021 ஜூலை முதல் அவர்களுக்கு 12 மாத விடுப்பு. அந்தக் குழந்தை உங்களிடம் வரும்போது நடக்க ஆரம்பித்திருக்கும், அல்லது எதையாவது பிடித்து எழுந்து நிற்கும்.

இப்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம் என்று ஊசிகள் வருகின்றன. ஆறாவது வாரத்தில் எந்த அம்மாவுக்கும் டே கேர் ஞாபகம் வராது; தூக்கம் வந்தால் போதும் என்றிருக்கும். பதினான்காவது வாரத்தில்தான் வயிற்றில் புளி கரைக்க ஆரம்பிக்கும். 'இன்னும் ரெண்டு மாசம்தான், யார்கிட்ட விடறது?' என்ற கேள்வி குழந்தைகள் நல மருத்துவரின் கிளினிக் வாசலில், டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும்போது வரும். உங்கள் ஏரியா கிளினிக்கின் வரவேற்பறையிலும், பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலும் உங்களைப் பற்றிய ஒரு சின்ன அட்டை இருப்பது, ஆயிரம் பிட் நோட்டீஸுக்குச் சமம். டாக்டரைச் சந்தித்து, நீங்கள் யார், எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று நேரில் சொல்லி அனுமதி கேளுங்கள். பரிந்துரை செய்யச் சொல்லாதீர்கள். அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அட்டை வைக்க அனுமதித்தால் போதும்.

இன்னொரு சீசன், ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஸ்கூல் அட்மிஷன், வீடு மாறுதல், பேங்க் டிரான்ஸ்ஃபர் எல்லாம் அப்போதுதான். பிரீ.கே.ஜி முடிந்து மதியம் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு, மதியத்திலிருந்து சாயங்காலம்வரை இடம் தேடுபவர்கள் ஜூனில் அலைவார்கள். முழு நாள் குழந்தைகள் கிடைக்கும்வரை இந்த அரை நாள் குழந்தைகளோடு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

வாட்ஸ்அப் குரூப்பா, இஸ்திரிக்காரரா?

ஒருகாலத்தில் இந்தப் பகுதிகளில் வேலை சுலபம். 'மயிலாப்பூர் டைம்ஸ்', 'அடையாறு டைம்ஸ்', 'மாம்பலம் டைம்ஸ்' போன்ற ஏரியா வாரப் பத்திரிகைகள் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும். டியூஷன், டைப்பிங், ஊறுகாய், வாடகை வீடு என்று வரி விளம்பரங்கள் நிரம்பி வழியும். இரண்டு வரி கொடுத்தால் நாலு தெரு படிக்கும். அந்த வேலையை இன்று வாட்ஸ்அப் குரூப் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். பேப்பரில் வந்த விளம்பரம் ஒரு வாரம் டீப்பாயில் கிடந்தது. வாட்ஸ்அப்பில் போட்டது, அடுத்த பத்து நிமிடத்தில் 'தண்ணி லாரி வந்தாச்சா?' என்ற மெசேஜுக்குக் கீழே போய்விடும்.

அதனால் குரூப்பில் போடுவதென்றால் நேரம் பார்த்துப் போடுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், அல்லது வாரநாளில் இரவு ஒன்பதரைக்கு. வாரா வாரம் போட்டு அலுப்பூட்டாமல் மாதம் ஒருமுறை போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாலு பேர் நடுவில் 'இந்த குரூப்ல விளம்பரம் போடக் கூடாதும்மா' என்று அவர் எழுதிவிட்டால், அந்த மெசேஜ்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

வாட்ஸ்அப்பைவிட எனக்கு நம்பிக்கை இருப்பது தெருமுனை இஸ்திரி வண்டியில்தான். எந்த வீட்டில் குட்டிக் குட்டித் துணிகள் புதிதாக வருகின்றன, எந்த வீட்டம்மா ஆபீஸ் போக ஆரம்பித்து மறுபடி சுடிதார்களும் காட்டன் புடவைகளும் அனுப்புகிறார் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பூக்காரம்மா, வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் எல்லோரும் இந்த வரிசையில்தான். வேலைக்கார அக்கா ஒருவர் ஐந்து வீடு பார்க்கிறார் என்றால், ஐந்து வீட்டுச் சேதியும் அவரிடம் இருக்கும். 'இந்தம்மா வீடு சுத்தமா இருக்கும், குழந்தைகிட்ட சத்தம் போட மாட்டாங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு இணையான விளம்பரம் கிடையாது. அதனாலேயே அவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதும் விளம்பரம்தான்.

மயிலாப்பூர் என்றால் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் என்றால் நடேசன் பூங்கா, ஜீவா பூங்கா, அடையாறு பக்கம் என்றால் பெசன்ட் நகர் கடற்கரை. மாலை ஐந்து மணிக்கு மேல் தாத்தா, பாட்டிகள் பேரக்குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். டே கேர் வேண்டுமா, வேண்டாமா என்று நம் வீடுகளில் முடிவு செய்வது பாதி நேரம் அவர்கள்தான். 'எங்களால முடியலைம்மா' என்று வாய்விட்டு மகளிடமோ, மருமகளிடமோ சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, சர்க்கரையும் பிரஷரும் வைத்துக்கொண்டு ஒரு வயசுக் குழந்தை பின்னால் ஓடுபவர்கள். அவர்களிடம் வியாபாரம் பேச வேண்டாம், பேசிப் பழகுங்கள்.

கூகுள் மேப்பில் பதிவதும் நல்லதுதான், செலவில்லை. 'டே கேர் நியர் மீ' என்று தேடுபவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும். ஆனால் இது உங்கள் வீடு. வீட்டு முகவரியைக் காட்டாமல், சேவை தரும் பகுதியை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது. அதையே தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டின் கதவு எண் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அதேபோல், பார்த்துக்கொள்ளும் குழந்தைகளின் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டு விளம்பரம் செய்வதை அடியோடு மறந்துவிடுங்கள். 2023-ல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள். அடுத்தவர் குழந்தையின் போட்டோவை நீங்கள் தெருவுக்கே காட்டுவதைப் பார்க்கும் ஓர் அம்மா, 'நாளைக்கு என் பிள்ளை படமும் இப்படித்தான் சுத்துமோ' என்றுதான் நினைப்பார். காலி அறை, பாய், பொம்மை, கிரில் போட்ட பால்கனி... இந்தப் படங்கள் போதும்.

'தாய்ப்பாசத்துடன்' என்று எழுதாதீர்கள்

'தாய்ப்பாசத்துடன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப்படும். தொடர்புக்கு...' நம் ஊரில் ஒட்டப்படும் நோட்டீஸ்களில் பாதி இப்படித்தான். இதில் ஒரு தகவலும் இல்லை. பாசம் இல்லை என்று யார் எழுதப் போகிறார்கள்? படிக்கும் அம்மாவுக்குத் தேவைப்படும் விஷயங்கள் வேறு. இப்படி எழுதிப் பாருங்கள்:

'மந்தைவெளி, ரயில் நிலையம் அருகில். தரைத்தள வீடு. ஐந்து மாதம் முதல் மூன்று வயது வரை. ஒரே நேரத்தில் 4 குழந்தைகள் மட்டும்; அதில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுதான். திங்கள் முதல் சனி, காலை 8 முதல் மாலை 6.30 வரை. சைவச் சமையல். தாய்ப்பால் எடுத்துக்கொடுத்தால் பாதுகாத்துக் கொடுப்பேன். வீட்டில் நானும் கணவரும் மட்டும். முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்கிறேன். இப்போது 2 இடம் காலி. முதலில் வந்து வீட்டைப் பாருங்கள்.'

இதில் பாசம் என்ற சொல்லே இல்லை. ஆனால் படித்தவுடன் போன் எடுக்கத் தோன்றும். 'தாய்ப்பால்' பற்றிய அந்த ஒரு வரி, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு தவிக்கும் அம்மாவை நேராக உங்களிடம் கொண்டுவரும். எடுத்துவைத்த தாய்ப்பாலை 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாளும் வைக்கலாம் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டல். சென்னையில் ஏசி இல்லாத அறையில் 25 டிகிரியை எந்த மாதம் பார்த்தீர்கள்? ஆகவே, வந்ததும் நேராக ஃப்ரிட்ஜ்தான், கதவு ஷெல்ஃபில் அல்ல, உள்ளே. இதை நேரில் வருபவரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறுவது தெரியும்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு வார்த்தை. 'சைவச் சமையல்' என்பது தகவல். முட்டை கொடுப்பீர்களா, பெற்றோர் கொடுத்தனுப்பினால் ஊட்டுவீர்களா என்பதும் தகவல். ஆனால் சில நோட்டீஸ்களில் சாதிப் பெயரைப் போடுகிறார்கள். எந்த அம்மாவின் எந்தக் கேள்விக்கும் அது பதில் இல்லை என்பது என் எண்ணம்.

'ப்ளே ஸ்கூல்' என்று மட்டும் சும்மா எழுதிவிடாதீர்கள். தமிழக அரசு 2015-ல் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று விதித்தொகுப்பு கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பெயரில் நடத்த அங்கீகாரம் தேவை. நீங்கள் நடத்துவது வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதை அப்படியே சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

வீடு பார்க்க வருகிறார்கள்

போன் வந்துவிட்டது. சனிக்கிழமை வருவதாகச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல் கேசரி கிளறி, சோபா கவர் மாற்றி வைக்க வேண்டாம். வருபவர் பார்ப்பது வேறு. பாத்ரூமில் தண்ணீர் நிறைந்த பக்கெட் இருக்கிறதா? தவழும் குழந்தைக்கு அரை பக்கெட் தண்ணீர் போதும், ஆபத்து வர. மாடிப்படிக்கு கேட் உண்டா? பால்கனி கிரில்லில் கால் வைத்து ஏற முடியுமா? மாமனாரின் சுகர் மாத்திரை எங்கே இருக்கிறது? ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி கைக்கு எட்டுமா? கேஸ் அடுப்பு இருக்கும் அறைக்குக் கதவு உண்டா?

அப்புறம், கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்கும் ஒரு கேள்வி: 'வீட்ல வேற யார் யார் இருக்காங்க?' கோபப்படாதீர்கள். அவர் உங்கள் கணவரையோ, மகனையோ சந்தேகப்படவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி பாரம் குறையும். யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்து போவார்கள், குழந்தையின் டயப்பரை உங்களைத் தவிர யாரும் மாற்ற மாட்டார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் உங்களைப் பற்றி நீங்களே சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க முடியும். அதை எடுத்து ஃபைலில் வையுங்கள். உதவிக்கு ஓர் அக்காவை வைத்தால் அவருக்கும் எடுங்கள். 108, குழந்தைகள் உதவி எண் 1098, பெற்றோரின் எண்கள், பக்கத்து மருத்துவமனை எண் எல்லாம் சுவரில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 'ரெஃபரென்ஸ்' எங்கிருந்து வரும்? இதற்கு முன் பார்த்துக்கொண்ட குழந்தைகளின் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியை, பத்து வருடமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர், உங்கள் பிள்ளைகளைச் சின்ன வயசிலிருந்து பார்த்த டாக்டர். இவர்களில் இரண்டு பேரிடம் முன்கூட்டியே கேட்டு, போன் நம்பரைத் தர அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னை வீடுகளுக்கே உரிய ஒரு சமாசாரம் உண்டு. உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணிப் புகை. உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கலாம். வரும் அம்மாவுக்கு இல்லாமல் இருக்கலாம், அல்லது அவர் டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதை டாக்டர்கள் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார்கள். 'எங்க வீட்டுக் குழந்தைங்களெல்லாம் இப்படித்தான் வளர்ந்தாங்க' என்ற வாக்கியம் இந்தத் தொழிலுக்கு ஆகாது. பெற்றோர் எழுதித் தராத எதையும் குழந்தை வாயில் வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

முதல் வாரம் 'பழகும் வாரம்' என்று வையுங்கள். முதல் நாள் அம்மாவும் கூடவே ஒரு மணி நேரம் உட்காரட்டும். இரண்டாம் நாள் கடைக்குப் போய்விட்டு வரட்டும். இப்படி மெதுவாக. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை அம்மாவைப் பிரியும்போது அழுவது இயல்பு. ஐந்தாறு மாதத்தில் வரும் குழந்தை பொதுவாக இதைவிட எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வயதில் வரும் அரசு ஊழியர் வீட்டுக் குழந்தை ஒரு வாரம் அழுது தீர்த்தால், அது உங்கள் தோல்வி அல்ல என்பதை அந்த அம்மாவிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

இதைச் சொல்லத்தான் நம் பெண்கள் தடுமாறுகிறார்கள். 'தெரிஞ்ச பொண்ணு', 'சும்மா வீட்ல தானே இருக்கேன்', 'குழந்தையைப் பார்த்துக்கறதுக்குக் காசா?' 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 97 நிமிடம். காலமெல்லாம் காசில்லாமல் செய்த வேலைக்கு திடீரென்று விலை சொல்லச் சொன்னால் நாக்கு எழும்பாதுதான்.

கணக்குப் போட்டுவிட்டால் எழும்பும். ஒரு பேச்சுக்கு, குழந்தைக்கு மாதம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு குழந்தைகள், 28,000. உதவிக்கு வரும் அக்காவுக்கு 8,000. பழம், பால், மதிய சாதம் 3,000. கரன்ட், கேஸ், சுத்தம் செய்யும் சாமான்கள் 3,000. பொம்மை, பாய், மருந்துப் பெட்டி 1,000. மிச்சம் 13,000. நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 24 நாள் என்றால் 240 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 54 ரூபாய்! ஒரு குழந்தை நின்றுவிட்டால் கையில் ஏழாயிரம்கூட நிற்காது. இப்போது சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக இரண்டாயிரம் குறைப்பீர்களா?

உங்கள் ஏரியாவில் இருக்கும் மூன்று டே கேர்களுக்குப் போன் செய்து, என்ன தருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு உங்கள் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். முதல் குடும்பத்துக்குச் சலுகை தரத்தான் வேண்டும் என்றால், 'முதல் மூன்று மாதம் மட்டும்' என்று எழுத்தில் தேதி போட்டுக் கொடுங்கள். தெரிந்தவர் வீட்டுக் குழந்தையை இலவசமாகப் பார்த்துக்கொண்டு ஆரம்பிப்பது மட்டும் வேண்டாம். அடுத்து வருபவர் முதல் ஆளிடம்தான் விசாரிப்பார்.

ஒரே ஒரு தாள் போதும், ஒப்பந்தத்துக்கு. கட்டணம், தேதி, நேரம், லேட்டானால் எவ்வளவு, குழந்தை வராத நாளுக்குக் கழிவு உண்டா, நீங்கள் லீவு எடுத்தால் என்ன, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், யார் வந்தால் மட்டும் குழந்தையை அனுப்புவீர்கள். காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம், காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு அனுப்புங்கள் என்ற விதியை முதல் நாளே சொன்னால் நியாயம். குழந்தை இருமிக்கொண்டு வாசலில் நிற்கும்போது சொன்னால் சண்டை.

'யாருக்கு லீவு' என்ற இடத்தில், மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு: மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் அமெரிக்கா போகும் திட்டம் இருந்தால், போய்விட்டு வந்து ஆரம்பியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஊர் நிலவரத்தையும் தாளில் சேர்க்கலாம். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகள் பக்கம் கார் நுழையாது. அழைத்துப்போக எங்கே வர வேண்டும்? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உஸ்மான் ரோட்டைக் கடந்து ஆறரை மணிக்குள் வருவேன் என்று யாரும் உறுதி தர முடியாது. மழைக்காலத்தில் தி.நகரிலும் அடையாற்றின் கரையோரத்திலும் தண்ணீர் நின்றால் என்ன செய்வது? 2015-ம், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் யாருக்கும் மறந்திருக்காது. அன்று இரவு குழந்தை உங்கள் வீட்டிலேயே தங்க நேர்ந்தால், மாற்றுத்துணியும் ஒரு நாளைக்கான பால் பவுடரும் உங்களிடம் இருக்க வேண்டும்.

யாரிடம் கற்றுக்கொள்வது?

இங்கிலாந்தில் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் 'ஆஃப்ஸ்டெட்' என்ற அரசு அமைப்பிலோ, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியிலோ பதிவு செய்தே ஆக வேண்டும். எட்டு வயதுக்குட்பட்டவர்கள் அதிகபட்சம் 6 பேர். அதில் சின்னக் குழந்தைகள் பொதுவாக 3 பேர், ஒரு வயது ஆகாதது ஒன்று. பிரான்ஸில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டுக்கு வெளியே பார்த்துக்கொள்ளும் முறைகளில் அதிகம் பயன்படுவதே இப்படிப்பட்ட வீட்டுப் பராமரிப்பாளர்கள்தான். அவர்களும் அரசின் அனுமதி பெற்றவர்கள். நம் ஊரில் வீட்டிலிருந்தே நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கென்று அப்படி ஒரு பதிவேடு இல்லை. சுதந்திரம் மாதிரித் தெரியும். ஆனால் 'நான் நம்பகமானவள்' என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் விழுகிறது. அதனால் அந்த 6, 3, 1 கணக்கை நீங்களே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை வளர்ப்பைப் படிப்பாகப் பார்ப்பது இந்த ஏரியாவுக்குப் புதிதும் அல்ல. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி நெதர்லாந்திலிருந்து வந்து இறங்கியது அடையாறு பிரம்ம ஞான சபைக்குத்தான். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து வந்தார்கள். உலகப் போர் காரணமாகத் திரும்பிப் போக முடியாமல், ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தி.நகரில் 1949-ல் காமராஜரின் துணையோடு எஸ்.மஞ்சுபாஷிணி தொடங்கிய பால மந்திர், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமாக ஆரம்பித்து, இன்று குழந்தை வளர்ச்சி பற்றிய பயிற்சிகளையும் நடத்துகிறது. நாடு முழுக்க அங்கன்வாடிகள் வரக் காரணமாக இருந்த ஆய்வுக்குழுவுக்குத் தலைமை வகித்த மினா சுவாமிநாதனும் நம் சென்னையில் வாழ்ந்தவர்தான்.

முதலுதவிப் பயிற்சியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் கற்றுத்தருகின்றன. தொண்டையில் எதாவது சிக்கினால் கைக்குழந்தைக்குச் செய்வது வேறு, மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்வது வேறு. வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வதல்ல, பொம்மையில் செய்து பழக வேண்டிய விஷயம்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருக்க மட்டும்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத் தொழிலாகப் பதிவு செய்ய 'உத்யம்' இணையதளத்தில் கட்டணம் இல்லை. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலை வேண்டாம். நாலு குழந்தைகளோடு அந்தக் கவலை வரப்போவதும் இல்லை!

ஆபீஸ்களைத் தட்டுங்கள்

ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017 திருத்தத்தில் வந்த விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. தனியாகவோ, மற்றவர்களோடு சேர்ந்து பொது வசதியாகவோ செய்யலாம். அம்மா நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் உரிமை உண்டு. உங்கள் வீடு ஓர் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால், அங்கே இருக்கும் ஹெச்.ஆரைச் சந்தித்து ஓர் அட்டை கொடுத்துவிட்டு வாருங்கள். விடுப்பில் போகும் ஊழியர்களுக்கு அவர்கள் தரும் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், தரமணி ஐ.டி. அலுவலகங்கள், மருத்துவமனைகள் என்று சுற்றிலும் வேலைக்குப் போகும் பெண்கள்தான். நர்ஸுகளின் ஷிஃப்ட் நேரத்துக்கு ஈடுகொடுக்க முடிந்தால் உங்களுக்குக் குடும்பங்கள் தேடி வரும். ஆனால் உங்கள் உடம்பும் குடும்பமும் அதற்குத் தாங்குமா என்று யோசித்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

தி.நகரில் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நின்றபடி வேலை பார்க்கும் பெண்கள். அவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் வேலை முடிய இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். பல வீடுகளில் குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது, அல்லது பெரிய அக்கா பள்ளி முடிந்து வந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். 7,000 ரூபாய் அவர்களால் கொடுக்க முடியாது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் 'பால்னா' திட்டம் மத்திய அரசிடம் இருக்கிறது, ஆனால் கடை ஷட்டர் இறங்கும்வரை குழந்தையை வைத்திருக்கும் இடம்தான் இவர்களுக்குத் தேவை. கடை முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்து பாதிக் கட்டணத்தை ஏற்று, மாம்பலம் ரயில் நிலையம் பக்கம் இருக்கும் நாலைந்து வீட்டுப் பராமரிப்பாளர்களோடு பேசினால் முடியாத காரியம் அல்ல. மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை பார்த்துக்கொள்ளத் தயார் என்று ஒரு பெண் நோட்டீஸ் ஒட்டினால், முதல் வாரத்திலேயே அவர் போன் ஓயாமல் அடிக்கும் என்று நினைக்கிறேன். காலை நேரத்தில் காலியாக இருக்கும் அக்காக்கள் யாராவது கணக்குப் போட்டுப் பாருங்களேன்.